இரவல் கட்டில்

அத்தியாயம் 17

போன வாரம் சாந்தாமணியை, விடிந்தும் விடியாத மழையில், ஈட்டிக்கொல்லி இறக்கத்தில், சொந்தப் புருஷனுடைய பிக்கப் வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு நான் போய்விட்டேன். அவள் அங்கேயேதான் நிற்கிறாள். குடைகூட எடுத்து வரவில்லை.

“எறங்குங்க,” என்றாள்.

பாலமுருகன் கண்ணாடியைப் பாதி இறக்கினான். “சாந்தா, வழிய விடு. எட்டு மணிக்குள்ள எறக்கிடணும்னு ஞானசீலன் சார் சொல்லியிருக்காரு.”

“என்னத்த எறக்கோணும்?”

அவள் வண்டியின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு பிரசவக் கட்டில். பச்சை ரெக்சின் மெத்தை, கால் வைக்க இரும்புத் தாங்கிகள். பக்கத்தில் பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர், கருவிப் பெட்டி, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். கட்டில் காலில் வெள்ளைப் பெயின்டில் வேறோர் ஊரின் பெயர். அதன் மேல் ‘ஈட்டிக்கொல்லி’ என்று அச்சடித்த காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். மழையில் அதன் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாந்தாமணி மேட்டுப்பாளையத்துப் பெண். நீலகிரியில் தேவாலாவுக்கு மேலே இருக்கும் ஈட்டிக்கொல்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அங்கே புதிதாகக் கட்டிய பிரசவ அறையைத் தினமும் இரண்டு வேளை துடைக்கிறாள். அந்த அறையில் ஒரு பொருளும் கிடையாது. இரண்டு வருஷமாக இல்லாத கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“எந்த ஊர்க் கட்டிலுங்க இது?”

“கீழ் சுகாதார நிலையத்துது. ஆய்வுக்கு ஆள் வருது. இன்னிக்கு மட்டுந்தான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடணும்.”

“ஏனுங்க, உங்க தங்கச்சி இன்னிக்கு மட்டுந்தான் புள்ள பெறுவாளா? அவளுக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுங்க. பத்தாம் நாள் எந்தக் கட்டிலு வரும்?”

பாலமுருகன் ஸ்டீயரிங்கையே பார்த்தான். “நான் ஏத்தலைன்னா வேற வண்டிக்காரன் ஏத்துவான். ஒரு நாளாவது நம்ம ஊர்ல ஒரு கட்டில் இருந்துட்டுப் போகட்டுமே.”

அவள் ஈரத்தோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “ஓட்டுங்க. வர்றவர்கிட்ட இன்னிக்கு நானே சொல்லிப்போடறேன்.”

சர்க்காருக்குக் கட்டடம் கட்டுவதில் இருக்கிற பிரியம் வேறெதிலும் இல்லை. கட்டடமென்றால் அடிக்கல் உண்டு, கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. ஒரு நர்ஸை நியமித்தால் எங்கே கத்தரிக்கோலை வைப்பது? ஈட்டிக்கொல்லிப் பிரசவ அறைக்கு நிதி வந்தது. சுவருக்கு வந்தது, டைல்ஸுக்கு வந்தது, ‘இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ சேவை’ என்று ஆள் உயர போர்டு வைக்கவும் வந்தது. கட்டிலுக்கு அடுத்த வருஷம் என்றார்கள். ஜெனரேட்டர் அறை என்று ஓர் அறை உண்டு. அதற்குள் சாந்தாமணியின் துடைப்பங்கள் இருக்கின்றன. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள். நர்ஸ் ஆபிதா ஒருத்திதான், அதுவும் பகலில் மட்டும்.

பக்கத்து வீட்டு விஜயாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வலியோடு இந்த வாசல்வரை வந்தவளைக் கட்டில் இல்லையென்று கீழ் நிலையத்துக்கு அனுப்பினார்கள். மலையிறங்க நாற்பது நிமிஷம். பாதி வழியில் மரம் விழுந்து கிடந்தது. வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது, அழவே இல்லை. ‘அந்தக் குழந்தையையாவது காப்பாற்றியிருக்கக் கூடாதா?’ என்று எனக்கு எத்தனை கடிதங்கள்! நானா காப்பாற்றவில்லை?

நிலைய வாசலில் ஞானசீலன் காத்திருந்தார். மருந்தாளுநர். டாக்டர் வராத நாளெல்லாம் அந்த இடம் அவர் தலையில்தான். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயந்தவர். சில சமயம் அது இன்னும் மோசம்.

கட்டிலை இறக்கி அறையில் போட்டதும், பிய்ந்த காகிதத்தை அவரே எச்சில் தொட்டு ஒட்டினார். பிறகு எல்லோருடைய செல்போனையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். “யாராச்சும் போட்டோ எடுத்து எங்கயாச்சும் போட்டீங்கன்னா என் வேலை போயிடும்,” என்றார்.

“சார், வர்றவர்கிட்ட உள்ளதச் சொன்னா என்னங்க?”

“சொல்லு. மார்க் கொறையும். கொறஞ்சா பிரசவ வார்டையே எடுத்துக் கீழ் நிலையத்தோட சேத்துடுவாங்க. அப்புறம் இந்த ரூம் ஸ்டோர் ரூம்தான்.” குரலை இறக்கினார். “உனக்கும் இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது, சாந்தாமணி. ஞாபகம் வெச்சுக்க.”

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அதே நேரத்தில் மேலே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஊருக்கு மூத்தவரான அவளுடைய மாமனார் செல்லையா ஊரையே அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு முகப்பில் சுண்ணாம்பு, முற்றத்தில் சாணித் தெளிப்பு, எல்லோருக்கும் துவைத்த உடுப்பு. பத்தரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு.

அவர் இலங்கைக் கண்டியிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். அங்கே தோட்டத்தில் பெரிய துரை பார்வையிட வரும்போது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் இப்படித்தான் வரிசை கட்டி நிற்பார்களாம். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் கண்ணில் படாமல் பின்பக்கம் அனுப்பிவிடுவார்கள். ‘ஏதும் குறை உண்டா?’ என்று துரை கேட்பார். தோட்டத் தலைவர் எல்லோருக்குமாக, ‘ஒரு கொறையும் இல்லீங்க தொரை’ என்பார். வேறு மாதிரி சொன்னவனுக்கு மறுநாள் பேர் வெட்டு. வேலைக்கு வந்தாலும் வராத கணக்குதான். கடல் தாண்டி ஐம்பது வருஷமாகிவிட்டது. துரையும் இல்லை, பெரட்டும் இல்லை. அந்தப் பதில் மட்டும் செல்லையாவின் நாக்கிலேயே தங்கிவிட்டது.

போன வருஷம் இதேபோல் ஒரு குழு வந்து வாசலிலேயே நின்று கேட்டபோது அதைத்தான் சொன்னார். டாக்டர் வருகிறாரா? வர்றாருங்க. பிரசவம் நடக்கிறதா? நடக்குதுங்க. குறை? ஒரு கொறையும் இல்லீங்க தொரை. மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நிலையம் முழு அளவில் இயங்குவதாக மக்களே தெரிவித்திருப்பதால், கேட்டிருந்த கட்டிலும் ஜெனரேட்டரும் இரண்டாவது நர்ஸும் இப்போதைக்குத் தேவையில்லை. ஆபிதா அதைச் சாந்தாமணிக்குப் படித்துக் காட்டினாள். அதற்காக வீட்டில் நடந்த சண்டையை நீங்கள் பதினைந்தாம் அத்தியாயத்தில் பார்த்தீர்கள்.

“பேர் வெட்டுவாங்க புள்ள,” என்றார் மாமனார் அன்றைக்கு.

“எந்தப் பேருங்க மாமா? யாரு வெட்டுவா? இருக்கறத இருக்குதுன்னும் இல்லாதத இல்லைன்னும் சொல்லுறதுக்கு என்னங்க பயம்?” என்று கேட்டாள் மருமகள். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

இன்றைக்கும் அவர் மாறவில்லை. மகள் சுகுணாவைக் கூப்பிட்டார். திருப்பூரிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருப்பவள்.

“நீ விஜயாவக் கூட்டிக்கிட்டுப் பழைய புள்ளக்காம்பராவுல போய் இரு. தொரை போனதும் வரலாம்.”

புள்ளக்காம்பரா என்பது கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகக் கட்டிய அறை. இப்போது பூட்டுக்கூடக் கிடையாது.

“அப்பா, காலையிலருந்து இடுப்பு ஒரு மாதிரியா இருக்கு.”

“அது சூட்டு வலி. பத்து நாள் இருக்கில்ல?”

சுகுணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே நடந்தாள். பின்னாலேயே விஜயா போனாள். வயிறு தெரிகிறவளையும் வாயைத் திறந்தால் அழக்கூடியவளையும் சேர்த்தே ஒளித்துவைத்துவிட்டார் செல்லையா. அவருக்கு மகள் மேல் பிரியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பயத்துக்குத் தெரிந்த பிரியம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு ஒரு ஜீப் வந்து, ஆய்வு செய்ய வந்த டாக்டர் டெனினை இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த ஷூ, கையில் ‘ஆம், இல்லை’ குறிக்க ஓர் அச்சிட்ட பாரம். வரிசையில் நின்ற எழுபது பேரைப் பார்த்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

“வாங்க தொரை,” என்று செல்லையா கும்பிட்டார்.

“ஐயா, நான் துரையெல்லாம் இல்லை. டெனின்.”

“சரிங்க தொரை.”

டெனின் ஒவ்வோர் அறையாகப் போனார். மருந்து இருப்பு, ஆம். குடிநீர், ஆம். பிரசவ அறைக்கு வந்து கட்டிலைக் கையால் அசைத்துப் பார்த்தார். சாந்தாமணி மூலையில் துடைப்பத்தோடு நின்றாள்.

“நல்ல கட்டில். எப்ப வந்தது?”

“போன வருஷமே வந்துருச்சு சார்,” என்றார் ஞானசீலன்.

டெனின் சாந்தாமணியைப் பார்த்துச் சிரித்தார். “நீங்கதான் இதை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களா?”

இதுதான் நேரம். காலையில் மழையில் நின்று சபதம் போட்டவள் அவள். வாயைத் திறந்தாள். கான்ட்ராக்ட் நினைப்பு வந்தது, ஆறு வருஷம் நினைப்பு வந்தது.

“ஆமாங்க சார்,” என்றாள்.

டெனின் பாரத்தில் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டார். எனக்கே அவள் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் நானோ நீங்களோ அவள் இடத்தில் நின்றதில்லை.

வெளியே வந்து டெனின் வரிசையைப் பார்த்துக் கேட்டார். “இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

“ஒரு கொறையும் இல்லீங்க தொரை.”

“கர்ப்பிணிகள் யாராவது இருந்தா பார்த்துப் பேசலாமே.”

“இப்ப யாரும் இல்லீங்க தொரை.”

உள்ளே டிராயருக்குள் ஒரு போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யாரும் அசையவில்லை. மூன்றாவது முறையும் அடிக்கவே டெனின், “யாரோட போன்? எடுங்க, ஏதாவது அவசரமா இருக்கப்போகுது,” என்றார். ஞானசீலன் சாவியைத் தேடித் திறந்தார். சாந்தாமணியின் போன். அவள் காதில் வைப்பதற்குள்ளேயே விஜயாவின் அலறல் வாசல்வரை கேட்டது.

“அக்கா! சுகுணாவுக்குத் தண்ணி ஒடஞ்சிருச்சு! புள்ளக்காம்பராவுல இருக்கோம். எந்திரிக்க முடியல அவளால. அக்கா, இந்தத் தடவையும் கட்டில் இல்லேன்னு சொல்லிறாதீங்க அக்கா!”

சாந்தாமணி போனைப் போட்டுவிட்டு ஓடினாள். பாலமுருகன் அவளுக்கு முன்னால் ஓடினான்.

டெனின் திரும்பிச் செல்லையாவைப் பார்த்தார். “யாரும் இல்லேன்னு சொன்னீங்களே ஐயா?”

செல்லையாவின் கை கும்பிட்டபடியே இருந்தது. “என் மகதாங்க. நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

“எதுக்கு?”

“தொரை வர்றப்ப கண்ணுல படக் கூடாதுங்க. அது எங்க வழக்கம்.” அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுகுணாவைப் பாலமுருகன் தூக்கிக்கொண்டு வந்தான். தேயிலைப் பாதையில் நடந்துபோன காலிலெல்லாம் அட்டை. ஆபிதா உப்பைப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். காட்சிக்கு வந்த கட்டிலில் நிஜமாகவே ஒரு பெண்ணைப் படுக்கவைத்தார்கள். டெனின் பாரத்தை ஜன்னல்மேல் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

“ஆக்சிஜன்,” என்றார் டெனின்.

ஆபிதா சிலிண்டரைத் திருகினாள். சத்தமே வரவில்லை. இன்னும் திருகினாள். “சார், இது காலி.”

டெனின் தலையைத் திருப்பினார். வாசலில் நின்ற ஞானசீலன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “காட்டுறதுக்குத்தானேன்னு காலியானதைக் குடுத்துவிட்டாங்க சார்.”

கேட்டீர்களா? காட்டுவதற்குத்தானே! இந்த ஒரு வார்த்தையை அந்தக் கல்வெட்டில் செதுக்கி வைக்கலாம்.

டெனின் குழந்தையின் வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். விஜயா சுவரோடு ஒட்டி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அழாத குழந்தையின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாந்தாமணி அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். டெனின் மறுபடியும் சுண்டினார்.

குழந்தை ஒரு முறை விக்கியது. பிறகு வீறிட்டது.

வெளியே நின்ற எழுபது பேரும் பெருமூச்சு விட்டார்கள். விஜயா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சாந்தாமணி அழவில்லை. நேராக வெளியே போனாள். பிக்கப்பின் சாவியை உருவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“சார்,” என்றாள் டெனினிடம். “நாங் காலையில பொய் சொல்லிப்போட்டனுங்க. இந்தக் கட்டிலு எங்களுது இல்ல. இன்னிக்கு வெடியால வந்துது, பொழுதோட போயிரும். நாந் தொடைக்கறது வெறும் தரைங்க.” குனிந்து கட்டில் காலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தாள். “பாருங்க.”

டெனின் உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்தார். ஜன்னல்மேல் இருந்த பாரத்தை எடுத்துத் தான் குறித்த ‘ஆம்’களைப் பார்த்தார்.

“ஞானசீலன், என்ன இது?”

பயந்த மனிதருக்கும் ஓர் எல்லை உண்டு போலிருக்கிறது. “நாலு தடவ எழுதினேன் சார்!” என்று கத்திவிட்டார். “கட்டில் இல்லைன்னு எழுதினேன், அப்ப வார்டு எதுக்கு, மூடிடலாம்னு பதில் வந்துச்சு. மூடிடுவாங்களேன்னு இருக்குதுன்னு எழுதினேன், இருக்கிற ஊருக்கு மறுபடி எதுக்குன்னு பதில் வந்துச்சு. நான் எதைத்தான் எழுதறது சார்? நீங்களே சொல்லுங்க!”

இல்லாதவனுக்குக் கிடையாது, இருப்பவனுக்குத் தேவையில்லை. இப்படி ஒரு தர்மத்தை எந்த ஊரில் படித்தார்கள்?

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் சாந்தாமணி. சாவியை இடுப்பில் செருகினாள். “இந்தக் கட்டிலு இனிமே இந்த ரூம விட்டு அசையாது. எடுக்க வர்றவங்க என்னத் தாண்டி எடுத்துக்கட்டும்.”

வாசலில் யாரோ கை தட்டினார்கள். பெரட்டில் நின்ற கூட்டத்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததை நம்பாதவர்போலச் செல்லையா திரும்பிப் பார்த்தார்.

எனக்கும் இந்த அத்தியாயத்தை இங்கேயே முடித்துவிட ஆசைதான். ஆனால் இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை ஒன்று உண்டே.

டிராயரிலிருந்து திரும்ப எடுத்திருந்த பாலமுருகனின் போன் அடித்தது. கீழ் நிலையத்து நர்ஸ் அஃப்ஷான். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறியது. ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, எங்க கட்டில் எப்ப வரும்? இங்க ஒரு பொண்ணு வந்து ஒரு மணி நேரமாச்சு. பெஞ்சில படுக்க வெச்சிருக்கேன். ரத்தம் போகுது அண்ணே, எங்கயும் அசைக்க முடியாது. 108 வேற கேஸுக்குப் போயிருக்கு. கட்டில், வார்மர், கருவிப் பெட்டி எல்லாத்தையும் நீங்க கொண்டு போயிட்டீங்க. டாக்டரும் இல்ல. நான் எதை வெச்சுப் பாக்கறது?”

குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

சாந்தாமணியின் கை இடுப்புச் சாவி மேல் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. விஜயா அவளையே பார்த்தாள்.

“அண்ணி,” என்றாள் சுகுணா கட்டிலிலிருந்து. “என்னை எறக்கி விடுங்க.”

“நீங்க இப்ப எறங்கக் கூடாதும்மா,” என்றார் டெனின். “ரெண்டு மணி நேரமாவது படுத்திருக்கணும்.”

“தரையில படுத்துக்கிறேன் சார். நான் பெத்துட்டேன். அந்தப் பொண்ணு இன்னும் பெறலை.”

சாந்தாமணி சாவியை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். “ரெண்டு பொம்பளைங்களுக்கு ஒரு கட்டிலு,” என்றாள். “எங்களையே ஒருத்திகிட்ட இருந்து ஒருத்தி பறிச்சுக்க வெக்கறாங்க பாருங்க. இதுக்கு எந்த மகராசன் ரிப்பன் வெட்டுனானோ!”

வீட்டிலிருந்து பாயும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்று முக்கால் மணி நேரம்கூட ஆகாத பெண்ணைத் தூக்கித் தரையில் படுக்கவைத்தார்கள். துவைத்த சட்டையோடு வரிசையில் நின்ற ஆம்பிளைகள் கட்டிலையும் வார்மரையும் கருவிப் பெட்டியையும் தூக்கி மழையில் வண்டியில் ஏற்றினார்கள். ஆபிதாவைத் தாயோடு இருக்கச் சொல்லிவிட்டு டெனினே முன்சீட்டில் ஏறினார். ஏறியவர் மறுபடி இறங்கி வந்து, அந்தப் பாரத்தைச் செல்லையாவிடம் நீட்டினார்.

“ஐயா, இதுல நான் எழுதினது எல்லாம் தப்பு. கையெழுத்து இன்னும் போடலை. திரும்பி வந்து உங்க ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க.”

வண்டி இறக்கத்தில் திரும்பி மறைந்தது. மணி மூன்றேகால்.

செல்லையா மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சுகுணா கண்ணை மூடியிருந்தாள். அவள் கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்தது. அவர் தன் துவைத்த துண்டின் நுனியால் அதைத் துடைத்தார்.

“அப்பாவ மன்னிச்சிரு புள்ள,” என்றார்.

சுகுணா கண்ணைத் திறக்காமலே, “போன வருஷமே சொல்லியிருக்கலாமில்லப்பா?” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விஜயா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நாலு மணிக்கு ஞானசீலன் வந்தார். அவர் முகத்தில் பழைய பயம் திரும்பியிருந்தது. “பெரியவரே, அந்தப் பாரத்தக் குடுங்க. அது ஆபீஸ் பேப்பர், வெளியாள் கையில இருக்கக் கூடாது. நான் பத்திரமா வெச்சிருக்கேன்.”

பேன்ட் போட்டவர் கேட்டதும் செல்லையா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். பாரம் கையில் நீண்டது. சாந்தாமணி துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

செல்லையா கையை இழுத்துக்கொண்டார். பாரத்தை மடித்துப் பேத்தி படுத்திருந்த கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“இல்லீங்க,” என்றார்.

“பெரியவரே, புரியாமப் பேசாதீங்க. மேலருந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

“கொறை இருக்குன்னு சொல்லுங்க. நெறைய இருக்கு. அவர் வந்து எழுதுவாரு.”

ஞானசீலன் போனை எடுத்துக்கொண்டு, யாரையோ அழைத்தபடி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாந்தாமணி தரையைத் துடைத்தாள். கட்டில் நின்ற இடத்தில் நாலு கால் தடம் பதிந்திருந்தது. மூன்றைத் துடைத்தாள். நாலாவதன் பக்கத்தில் கிழிந்த காகிதத்தில் ஊர்ப் பெயர் கிடந்தது. அதை எடுத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாலரைக்குப் பாலமுருகனை அழைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வண்டி போனதிலிருந்து வாசற்படியை விட்டு நகராமல் நின்ற விஜயா, ரோட்டைப் பார்த்தபடியே, “இந்நேரம் போய்ச் சேந்திருக்கணுமே அக்கா,” என்றாள்.

கீழே பெஞ்சில் கிடந்தவளின் பேர் என்ன என்று தங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் சாந்தாமணிக்கு உறைத்தது. மறுபடியும் அழைத்தாள்.